ஏழை சொல் அம்பலம் ஏற...

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுவையொட்டி நடைபெற்ற மாணவ மாணவியர் பரிசளிப்பு விழாவில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

 

செயலாளர் அவர்கள் எனக்குக் 'கல்வியின் சிறப்பு' என்று தலைப்புத் தந்திருக்கிறார்கள். இத்தலைப்பில் இம்மேடையில் ஆண்டுதோறும் பேசப்பட்டு வருகிறது. கற்றால் வேலை கிடைக்கும், பொருள் சேரும், மதிப்பு உயரும் என்பதையெல்லாம் நான் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் இங்கே எவரும் இல்லை. பத்ருப் போரில் பிடிபட்டவர்களுள் மீட்புத்தொகை கொடுக்க இயலாதவர்கள், மதீனத்துச் சிறுவர் பத்துப் பேருக்கு எழுதக் கற்றுக்கொடுத்தால் விடுதலை பெறலாம் என்று நபியவர்கள் வைத்த ஏற்பாட்டையும் நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். ஆகவே கல்வியின் பயன்களுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அது நாம் அதிகம் பேசாத ஒன்று.

நம் தமிழில் ஒரு பழமொழி உண்டு. ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். அம்பலம் என்றால் ஊர் கூடும் பொது மன்றம். அன்றைக்கு அங்கே குரலெடுத்துப் பேச வேண்டும். பேசத் தகுதியுள்ளவன் யார் என்பதை நிலமும் பொருளும் தீர்மானித்தன. இன்றைய அம்பலம் ஆட்சியர் அலுவலகம், வட்டாட்சியர் அலுவலகம், வங்கி, வைப்புநிதி அலுவலகம், நீதிமன்றம். இந்த அம்பலங்களில் வாய்ச்சொல் ஏறுவதில்லை. ஏறுவது காகிதம். காகிதத்தில் இருப்பதே நடந்தது. காகிதத்தில் இல்லாதது நடக்கவில்லை. ஏழையாயிருப்பது ஒரு துன்பம் என்றால், தன் துன்பத்தைத் தானே எழுத முடியாதிருப்பது அதற்குமேல் ஒரு துன்பம்.

திங்கட்கிழமை தோறும் நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் அலுவலக வாசலுக்குச் சென்று பார்த்தவர்கள் நான் சொல்வதை அறிவார்கள். மரத்தடியில் மனு எழுதிக் கொடுப்போர் வரிசையாக அமர்ந்திருப்பர். கணவரை இழந்த ஓர் அம்மையார் வருகிறார். உதவித்தொகைக்கு விண்ணப்பித்தது, கிராம நிர்வாக அலுவலரைப் பார்க்க மூன்று முறை அலைந்தது, கடைசி முறை அங்கே தமக்கு நேர்ந்த அவமானம், வீட்டில் உலை வைக்காத நாள்கள் என்று அரைமணி நேரம் சொல்கிறார். எழுதுபவர் தலையசைத்துக்கொண்டே, 'மனுதாரராகிய நான் மேற்கண்ட முகவரியில் வசித்து வருகிறேன்' என்று தொடங்கி ஆறு வரிகளில் முடித்துவிடுகிறார். அந்த அம்மையார் எதைப் பெரிதாக எண்ணினாரோ அது அந்த ஆறு வரிகளில் இருப்பதில்லை. அவர் பெருவிரலை மையில் தோய்த்து வைத்துவிட்டு உள்ளே போகிறார். அதிகாரி பார்ப்பது அந்த ஆறு வரிகளைத்தான். எழுதிக் கொடுத்தவரை நான் குறை சொல்லவில்லை. அவருக்கு அலுவலகத்தின் மொழி தெரியும். அந்த மொழிக்குள் எது நுழையுமோ அதை நுழைக்கிறார். ஆனால், உள்ளே போனது அந்த அம்மையாரின் குரலா, எழுதியவரின் குரலா என்பதுதான் என் கேள்வி.

ஆட்சியர் அலுவலகம் வரை போக வேண்டாம். நம் வீடுகளிலேயே பார்ப்போம். நம் ஊரில் ஒரு காலத்தில் பீடி சுற்றாத வீடு அரிது. இன்றும் பல வீடுகளில் தாய்மார்கள் மடியில் தட்டை வைத்துக்கொண்டுதான் பிள்ளைகளின் கல்விக் கட்டணத்தைச் சேர்க்கிறார்கள். இன்று பரிசு வாங்க வந்திருக்கும் பிள்ளைகளுள் பலர் அந்தத் தட்டின் ஓரத்தில் அமர்ந்து வீட்டுப்பாடம் எழுதியவர்கள்தாம். கடையில் இலையையும் தூளையும் எடை போட்டுத் தருகிறார்கள். இலையை நனைத்து, வெட்டி, சுற்றி, நூல் கட்டி, கட்டுக் கட்டாகக் கொண்டுபோய்க் கொடுத்தால், கணக்கப்பிள்ளை எண்ணிப் பார்த்துக் கழிவு எடுக்கிறார். இத்தனை சரி, இத்தனை கழிவு என்று பாஸ்புத்தகத்தில் எழுதுகிறார். இலை மோசமாக இருந்து எண்ணிக்கை குறைந்தால், அந்தக் குறையை ஈடுகட்டத் தம் காசில் இலை வாங்கும் தாய்மார்களையும் நாம் அறிவோம்.

இந்தத் தொழிலாளர்களுக்குச் சட்டம் எதுவுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 1966இல் பீடி, சுருட்டுத் தொழிலாளர்களுக்கென்றே நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. 1976இல் நல நிதிச் சட்டம் வந்தது. 1977இல் வருங்கால வைப்புநிதித் திட்டம் பீடித் தொழிலுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. வீட்டிலிருந்து சுற்றுகிறவர்கள் எங்கள் தொழிலாளர்களே அல்லர் என்று முதலாளிகள் வழக்குத் தொடுத்தார்கள். வீட்டில் இருந்து சுற்றினாலும் தொழிலாளர்களே, வைப்புநிதி அவர்களுக்கும் உண்டு என்று 1985இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிந்தித்துப் பாருங்கள்! தில்லியில், நாட்டின் ஆக உயர்ந்த அம்பலத்தில், நம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கும் ஓர் உம்மாவுக்காகத் தீர்ப்பு எழுதப்பட்டிருக்கிறது. அந்தத் தீர்ப்பு அவர் கையில் வந்து சேர ஒரே ஒரு சான்று வேண்டும். அது அந்தப் பாஸ்புத்தகம்.

அதில் என்ன எழுதப்பட்டது என்று வாசிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர்? ஆயிரம் கொடுத்தால் தொள்ளாயிரம் என்று எழுதினாலும், பத்துக் கட்டுக் கழித்துவிட்டு அதற்குக் காரணம் எழுதாவிட்டாலும், கொடுத்த மாத்திரத்தில் மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு வந்தவர்கள்தாம் பெரும்பாலோர். மாமியார் பெயரில் ஒரே புத்தகம் இருக்க, மூன்று மருமக்கள் அதில் சுற்றுவதும் உண்டு. கணக்கில் தொழிலாளி ஒருவர்தாம். மற்ற மூவரும் இருபது ஆண்டுகள் முதுகு வளைந்தும் எந்தப் பதிவேட்டிலும் இல்லாதவர்கள். கையில் வாங்கும் கூலி சற்றுக் கூடுதலாகத் தெரிகிறதே என்று பெயர் பதியாமல் விட்டவர்கள், முதுமையில் அந்தச் சிறு ஓய்வூதியமும் இன்றி நிற்பதை நாம் கண்ணாரக் காண்கிறோம்.

இதைச் சொல்லும்போது ஒன்றை நினைவூட்ட விரும்புகிறேன். நம் பாட்டிமார்கள் கல்லாதவர்கள் அல்லர். அரபுத் தமிழ் என்ற ஒன்று இருந்தது. தமிழை அரபு எழுத்தில் எழுதும் அந்த முறையில் மார்க்கச் சட்டங்களும் மாலைகளும் மருத்துவக் குறிப்புகளும் எழுதப்பட்டன. கீழக்கரை, காயல்பட்டினத்து ஆலிம்கள் எழுதிய அந்நூல்களைப் பெண்கள் வீட்டில் ராகத்தோடு ஓதினார்கள். ஒருவருக்கொருவர் கடிதமும் எழுதிக்கொண்டார்கள். மதரஸாவில் ஓதிய என் போன்றோருக்கு அந்தப் பழைய ஏடுகளைத் தொடும்போது ஒரு பெருமிதம் உண்டாவது இயல்பு. ஆனால், அவ்வாறு நூல்களை ஓதிய அதே அம்மையார் சார்பதிவாளர் அலுவலகத்திற்குச் சென்றபோது என்ன செய்தார்? கைநாட்டு வைத்தார். அவருக்குத் தெரிந்த எழுத்து அங்கே எழுத்தாக மதிக்கப்படவில்லை. அறிவு இருந்தது, அம்பலத்தின் எழுத்து இல்லை. பாகப்பிரிவினைப் பத்திரத்தில் அவர் பங்கு எவ்வளவு என்று அவருக்கு வாசித்துச் சொன்னவர், அந்தப் பங்கைக் குறைத்தவராகவே இருந்திருக்கவும் கூடும்.

'அதெல்லாம் பழைய கதை, இப்போது நம் பிள்ளைகள் படித்துவிட்டார்கள்' என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். 2001ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் முஸ்லிம்களின் எழுத்தறிவு 82.9 விழுக்காடு. மாநிலத்தின் சராசரி 73.5தான். நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால் நிலைமை நேர்மாறு. அங்கே மொத்தச் சராசரி 64.8 விழுக்காடு, முஸ்லிம்களுக்கு 59.1. ஆக, தமிழக முஸ்லிம்கள் ஒப்பீட்டில் நல்ல நிலையில் இருக்கிறோம். ஆனால், கணக்கெடுப்பில் எழுத்தறிவு என்பதன் பொருள் என்ன? ஏழு வயதிற்கு மேற்பட்டவர் ஏதேனும் ஒரு மொழியில் பொருள் விளங்கப் படிக்கவும் எழுதவும் தெரிந்தால் போதும். பேருந்தின் பெயர்ப்பலகையைப் படிக்கும் எழுத்தறிவு வேறு. வங்கி தரும் கடன் ஒப்பந்தத்தின் நான்காம் பக்கத்தைப் படிக்கும் கல்வி வேறு. வளைகுடாவுக்குச் செல்லும் நம் இளைஞர்களுள் எத்தனை பேர் தாம் கையொப்பமிட்ட வேலை ஒப்பந்தத்தை முழுமையாக வாசித்திருக்கிறார்கள்? சம்பளம் எவ்வளவு என்று மட்டும் கேட்டிருப்பார்கள். அங்கே போய்ச் சேர்ந்தபின், பேசியது ஒன்று எழுதியது ஒன்று என்று அழுவதைக் கேட்க எவரும் இல்லை. எழுதியதுதான் அங்கே பேசும்.

நம் பெயர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். முஹம்மது என்ற திருப்பெயர் குடும்ப அட்டையில் முகமது, வாக்காளர் அட்டையில் மொகமது, பள்ளிச் சான்றிதழில் முகம்மது. காதிர் முஹ்யித்தீன் ஓரிடத்தில் காதர் மைதீன், மற்றோரிடத்தில் காதர் மொய்தீன். பெண்களின் பெயரில் பீவி, பீபி, பீ என்று மூன்று வால்கள். அரபு ஒலிகளுக்குத் தமிழில் எழுத்துகள் இல்லை. எழுதிய எழுத்தர் தம் காதுக்கு எட்டியவாறு எழுதினார். எழுதியதைச் சரிபார்க்க நம்மிடம் ஆள் இல்லை. அன்றைக்கு அது சிறு பிழையாகத் தோன்றியது. இன்றைக்கு ஆதாரில் ஒரு பெயரும் வைப்புநிதிக் கணக்கில் ஒரு பெயரும் இருந்தால், இருபது ஆண்டு உழைத்துச் சேர்ந்த பணத்தை எடுக்க முடியவில்லை. நீர்தாம் அவர் என்பதற்கு என்ன சான்று என்று கேட்கிறார்கள்.

2025ஆம் ஆண்டு நவம்பர் மாதம் நம் மாநிலத்தில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது இது எந்த அளவுக்குப் பெரிதாயிற்று என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. வீடுதோறும் கணக்கீட்டுப் படிவம் வந்தது. இருபது ஆண்டுகளுக்கு முந்தைய பட்டியலில் தம் பெயரோ பெற்றோர் பெயரோ எங்கே இருக்கிறது என்று தேடி எழுத வேண்டியிருந்தது. வேற்றூரிலிருந்து மருமகளாக வந்த பெண்கள் தம் வாப்பாவின் பெயரை அவ்வூரின் பழைய பட்டியலில் தேட வேண்டியிருந்தது. அந்த நாள்களில் நம் மஹல்லாவின் கல்லூரி மாணவ மாணவியர் சிலர் கைப்பேசியும் பேனாவுமாக அமர்ந்து, வீடு வீடாகப் படிவம் நிரப்பிக் கொடுத்தார்கள். ஒரு பிள்ளை இரவு இஷாவுக்குப் பிறகும் பழைய பட்டியலின் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்ததை நான் கண்டேன். வாக்கு என்பதே சொல்தானே? அந்தச் சொல் அம்பலத்தில் நிலைத்திருக்க, எழுத்தறிந்த ஒரு பிள்ளை பக்கத்தில் இருக்க வேண்டியிருந்தது. அந்தப் பிள்ளைகளுக்கு இன்றைய பரிசுப் பட்டியலில் இடம் இல்லை. மதிப்பெண்ணுக்குத்தான் பரிசு என்பது நம் வழக்கம். நிர்வாகம் இதைச் சிந்திக்க வேண்டும்.

இனி, நியாயமான ஒரு மறுப்பு இருக்கிறது. படித்தவன் சொல் மட்டும் ஏறிவிடுகிறதா என்று இளைஞர்கள் என்னிடம் கேட்கிறார்கள். பட்டம் பெற்றும் பெயரைப் பார்த்தே ஒதுக்குகிறார்களே என்கிறார்கள். அவர்கள் சொல்வது கற்பனை அன்று. 2007இல் சுகதேவ் தோரட், பால் அட்வெல் என்னும் இரு அறிஞர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தனியார் நிறுவனங்களின் வேலை விளம்பரங்களுக்குச் சமமான தகுதியுள்ள விண்ணப்பங்களை அனுப்பினார்கள். பெயர் மட்டும் வேறு. உயர்சாதிப் பெயர் கொண்ட விண்ணப்பத்திற்கு அழைப்பு வரும் வாய்ப்போடு ஒப்பிட்டால், தலித் பெயருக்கு அதில் மூன்றில் இரண்டு பங்கு; முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. ஆகவே, படித்துவிட்டால் கதவெல்லாம் திறந்துவிடும் என்று இந்த மேடையிலிருந்து பிள்ளைகளுக்கு நான் பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால், இதே ஆய்வை மறுபுறமாகப் பாருங்கள். 'எங்களை ஒதுக்குகிறார்கள்' என்று நாம் தேநீர்க் கடையில் ஐம்பது ஆண்டுகள் பேசினோம். அது புலம்பல். இருவர் அமர்ந்து ஆயிரக்கணக்கான விண்ணப்பங்களை அனுப்பி, எண்ணி, எழுதினார்கள். அது சான்று. புலம்பலைக் கேட்டுவிட்டு நகரலாம். சான்றுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். நீதிபதி ராஜிந்தர் சச்சார் தலைமையிலான குழுவின் அறிக்கை 2006 நவம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டதும் அப்படியே. மக்கள்தொகையில் 13.4 விழுக்காடான முஸ்லிம்கள் இந்திய ஆட்சிப் பணியில் 3, காவல் பணியில் 4, வெளியுறவுப் பணியில் 1.8 விழுக்காடுதான் என்று அது கணக்கோடு எழுதியது. 'முஸ்லிம்கள் சலுகை பெறுகிறார்கள்' என்று கூறிவந்தோர் அந்த எண்களுக்கு எதிர் எண் தர முடியவில்லை. பள்ளி செல்லும் வயதுள்ள முஸ்லிம் பிள்ளைகளுள் மதரஸாவுக்குப் போகிறவர் மூன்று விழுக்காட்டினர் மட்டுமே என்பதையும் அதே அறிக்கைதான் காட்டியது. எங்கள் மதரஸாக்களால்தான் சமுதாயம் பின்தங்கியது என்று பேசும் அன்பர்கள், நம்மவர்கள் உட்பட, மற்ற தொண்ணூற்றேழு பேரைப் பற்றியும் சற்றுக் கவலைப்படலாம்.

2007இல் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனி இடஒதுக்கீடு வந்தது. பல்லாண்டுக் கோரிக்கையின் பலன் அது. எனினும் அந்த இடத்தில் போய் அமர்வதற்குப் பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டிய பிள்ளையும், பிழையில்லாத சாதிச் சான்றிதழும் வேண்டும். வாதாடிப் பெற்ற இடத்திற்குப் பிள்ளையை அனுப்பாமல் இருந்தால், அந்த வாதம் வீணே.

இங்கே படிக்காத பெரியவர்கள் மனம் சோர்ந்துவிடக் கூடாது. எழுதத் தெரியாதவன் குரலுக்கு வழியே இல்லையா என்றால், உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 அக்டோபர் 12 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்தச் சட்டத்தின் வேர் ராஜஸ்தானத்துக் கூலித் தொழிலாளர்களிடம் இருக்கிறது. பஞ்சத்து வேலையில் மண் சுமந்தவர்களுக்கு உரிய கூலி தரப்படவில்லை. கேட்டால், நீ வேலை செய்ததாகப் பதிவேட்டில் இல்லை என்றார்கள். அந்தப் பதிவேட்டைக் காட்டு என்று அவர்கள் கேட்கத் தொடங்கினார்கள். ஆட்சிப் பணியைத் துறந்துவந்த அருணா ராயும் உடனிருந்தோரும் அவர்களோடு சேர்ந்து 1990இல் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பை உருவாக்கினர். 1994 டிசம்பரில் கோட்கிரானா என்ற ஊரில், கிடைத்த பதிவேடுகளை ஊர் மக்கள் முன்னிலையில் உரக்க வாசித்தார்கள். இந்தியில் அதற்கு ஜன் சுன்வாய் என்று பெயர். மக்கள் கேட்கும் மன்றம் என்று சொல்லலாம். வேலைக்கே வராதவர் பெயரிலும் இறந்தவர் பெயரிலும் கூலி எழுதப்பட்டிருப்பது இத்தகைய மன்றங்களில் வெளிப்பட்டது. 1996இல் பியாவர் நகரில் நாற்பது நாள் அமர்ந்து போராடினார்கள். பதிவேட்டைத் தாமே வாசிக்க இயலாத ஏழைகள் பலர் கேட்ட கேள்விதான் ஒன்பது ஆண்டுகள் கழித்து நாட்டின் சட்டமாயிற்று. அவர்கள் நடுவே வாசிக்கத் தெரிந்த சிலர் அமர்ந்திருந்தார்கள். கூட்டத்திற்கு முன்னால் போய் நின்று தாமே பேசாமல், காகிதத்தில் இருப்பதை உரக்க வாசித்துவிட்டு, மக்களைப் பேசவிட்டார்கள். படித்த பிள்ளைகளே, உங்களிடம் நான் எதிர்பார்ப்பது அதைத்தான்.

அச்சட்டத்தின்படி விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம். கட்டணம் பத்து ரூபாய். வறுமைக் கோட்டிற்குக் கீழுள்ளோருக்கு அதுவும் இல்லை. ஏன் கேட்கிறாய் என்று காரணம் கேட்கக் கூடாது. முப்பது நாள்களுக்குள் பதில் தர வேண்டும். எழுத இயலாதவர் வாய்மொழியாகச் சொன்னால், அதை எழுத்தில் கொண்டுவர அந்தப் பொதுத்தகவல் அலுவலரே உதவ வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. இந்தக் கடைசி விதியை நம் தாய்மார்களுக்கு எவரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

இதுவரை அரசாங்கத்தின் அம்பலங்களைப் பற்றிப் பேசினேன். நம்முடைய அம்பலம் ஒன்று இருக்கிறது. அது இந்த ஜமாஅத். இங்கே யார் சொல் ஏறுகிறது?

கவ்லா பின்த் ஸஅலபா (ரலி) அவர்களை நீங்கள் அறிவீர்கள். கணவர் 'நீ என் தாயின் முதுகைப் போன்றவள்' என்று அறியாமைக் காலத்து வழக்கப்படி கூறி அவரை விலக்கி வைத்தபோது, அந்தப் பெண்மணி வீட்டில் அழுதுகொண்டு அமர்ந்திருக்கவில்லை. அண்ணலாரிடம் நேரில் வந்து வாதிட்டார். தமையனையோ தந்தையையோ அனுப்பவில்லை. அவருடைய முறையீட்டை இறைவன் செவியுற்றான் என்று தொடங்கியே ஓர் அத்தியாயம் அருளப்பட்டது. பிற்காலத்தில் கலீஃபா உமர் (ரலி) அவர்களை இந்த மூதாட்டி வழியில் நிறுத்தி நெடுநேரம் பேசியதும், உடனிருந்தோர் சலித்துக்கொண்டபோது, ஏழு வானங்களுக்கு மேலிருந்து இறைவன் செவியேற்ற பெண்ணின் சொல்லை உமர் கேளாதிருப்பதா என்ற கருத்தில் அவர்கள் பதிலளித்ததும் வரலாற்றில் பதிவாகியிருக்கின்றன.

நம் ஜமாஅத்திற்கு வரும் குடும்ப வழக்குகளில் பெண் தரப்பு மனு எப்படி வருகிறது? மாமாவோ மச்சானோ சொல்ல, யாரோ ஒருவர் எழுத, ஓரத்தில் அந்தப் பெண்ணின் கையொப்பம். நகையைப் பற்றியும் சீரைப் பற்றியும் மனுவில் இரண்டு பக்கம் இருக்கும். அந்தப் பெண் ஏன் அந்த வீட்டிற்குத் திரும்பிப் போக அஞ்சுகிறாள் என்பது இருக்காது. ஆட்சியர் அலுவலக மரத்தடியில் நடப்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? நிர்வாகிகள் நல்ல எண்ணத்தோடுதான் விசாரிக்கிறார்கள். கையில் வந்த காகிதத்தைத்தானே அவர்கள் விசாரிக்க முடியும்!

பெண்பிள்ளையை எட்டாவதோடு, பத்தாவதோடு நிறுத்தும் வழக்கம் நம்மிடையே குறைந்திருக்கிறது, முற்றிலும் ஒழியவில்லை. நிறுத்தினாலும் அறிவு அடங்குவதில்லை. நாகூர் சித்தி ஜுனைதா பேகம் அவர்கள் பள்ளியில் படித்தது மூன்றாம் வகுப்பு வரை. 1938இல் 'காதலா கடமையா' என்ற நாவலை வெளியிட்டார். அதற்கு அணிந்துரை தந்தவர் மகாமகோபாத்தியாய உ.வே. சாமிநாதையர். துவரங்குறிச்சியில் ஒன்பதாம் வகுப்போடு நிறுத்தப்பட்ட ஒரு சிறுமி சல்மா என்ற புனைபெயரில் எழுதத் தொடங்கி, 2001இல் பேரூராட்சித் தலைவராகவும், 2025இல் மாநிலங்களவை உறுப்பினராகவும் ஆனார். அவருடைய எழுத்துகளுள் நாம் உடன்படாதவை பல உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால், உடன்படாததற்கும் பதில் எழுத நம் பெண்களுக்குள் எழுத்து வேண்டுமே! பத்தனம்திட்டையில் மீரா சாஹிப் என்பவர் தம் மகளைச் சட்டம் படிக்கச் செய்தார். அந்த மகள் ஃபாத்திமா பீவி 1989இல் உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியானார். 1997 முதல் 2001 வரை நம் மாநிலத்தின் ஆளுநராகவும் இருந்தார். நாட்டின் பெரும் வழக்கறிஞர்கள் அவர் முன் நின்று, தங்கள் சொல்லை அவர் கேட்க வேண்டுமென்று வாதாடினார்கள். அந்தத் தகப்பனார் வயதுக்கு வந்த பெண்ணுக்கு எதற்குப் படிப்பு என்று எண்ணியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று, இவ்வாண்டு பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும் வாப்பாமார்கள் தனியே அமர்ந்து எண்ணிப் பார்க்கட்டும்.

நிர்வாகத்திடம் இரண்டு விண்ணப்பங்கள் வைக்கிறேன். முதலாவது, குடும்ப வழக்குகளில் பெண்ணின் முறையீடு அவருடைய சொந்தக் கையெழுத்தில், உறையிட்டு வர வேண்டும். அது விசாரணையில் ஒரு வரி விடாமல் வாசிக்கப்பட வேண்டும். எழுத இயலாதவருக்கு நம் மஹல்லாவின் பட்டதாரிப் பெண் ஒருவர் அவர் சொல்லச் சொல்ல எழுதி, எழுதியதை அவருக்கே வாசித்துக் காட்டி, அவர் ஆம் என்ற பிறகே கையொப்பம் வாங்க வேண்டும். தலைவர் அவர்கள் இதை அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் வைப்பதாக இப்போதே என்னிடம் தெரிவித்திருக்கிறார்கள். ஜஸாக்கல்லாஹு கைரா.

இரண்டாவது, பெயர்த்திருத்தம், பாஸ்புத்தகம், வைப்புநிதி, சாதிச் சான்று, தகவல் உரிமை விண்ணப்பம் ஆகியவற்றை நிரப்பக் கற்றுக்கொடுக்கும் வகுப்பொன்றை ஜமாஅத் நடத்த வேண்டும். நிரப்பிக் கொடுப்பதற்கு அன்று, கற்றுக்கொடுப்பதற்கு. இதற்கு முன்வந்துள்ள ஆசிரியர்கள் இருவரும் கல்லூரி மாணவியர் ஐவரும் இச்சபையிலேயே இருக்கிறார்கள். எனவே வரும் ஞாயிறு அஸருக்குப் பின் ஆண்களுக்கு மதரஸா மாடியில் தொடங்குகிறோம். பெண்களுக்குச் சனிக்கிழமைதோறும் லுஹருக்குப் பின், கீழ்த்தளத்தில், மாணவியரே நடத்துவார்கள். பீடிக்கடைப் பாஸ்புத்தகம் வைத்திருப்பவர்கள் பழைய புத்தகங்களையும் தேடி எடுத்து வாருங்கள்; எலி கடித்ததாக இருந்தாலும் எறிந்துவிடாதீர்கள். வருகிறவர்கள் தங்கள் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டுச் செல்லப் பள்ளி வாசலருகே ஒரு நோட்டு வைக்கப்பட்டிருக்கிறது. அதில் பிறரை எழுதச் சொல்லாமல், எழுத்து எப்படி இருந்தாலும், உங்கள் கையாலேயே எழுதுங்கள்.